தண்ணீர்க் குடுவைக்கு வந்த எதிர்ப்பு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தண்ணீர், மோர் தவிர வேறு பானம் கொண்டுவரக் கூடாது என்று என் மகள் படிக்கும் பள்ளி அறிவித்ததும், ‘என் பிள்ளை எதைக் குடிப்பது என்பதை நான்தான் முடிவு செய்வேன்’ என்று பெற்றோர் சிலர் கொதித்தெழுந்தது வருத்தமளிக்கிறது. 300 மில்லி கோலாவில் சுமார் 30 கிராம், அதாவது ஏழெட்டுத் தேக்கரண்டி சர்க்கரை இருக்கிறது. பழச்சாறு என்று நம்பி நாம் வாங்கித் தரும் மாம்பழ பானங்களிலும் சர்க்கரை குறைவில்லை. பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பு, சர்க்கரை, உப்பு மிகுந்த பண்டங்களை விற்கக் கூடாது என உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020-இலேயே விதி வகுத்தும், மாலை மணி அடித்ததும் எதிர்ப்புறப் பெட்டிக்கடையில் பத்து ரூபாய் பாக்கெட்டை உறிஞ்சியபடி நிற்கும் பிள்ளைகளுக்குக் காசு கொடுத்தனுப்புவது பெரும்பாலும் நாம்தான்.

அதேசமயம், கழிப்பறை அசுத்தமாக இருப்பதால் பெண் பிள்ளைகள் பலர் தண்ணீரே குடிக்காமல் வீடு திரும்புகிறார்கள். பெற்றோர் கூட்டத்தில் நாம் உரத்துக் கேட்க வேண்டியது இதைத்தான். சர்க்கரை அளவை விளக்கும் பலகைகளை வைக்குமாறு 2025-இல் சி.பி.எஸ்.இ. தன் பள்ளிகளுக்கு அறிவுறுத்தியது. மற்றப் பள்ளிகளும் அதைப் பெற்றோர் கண்ணில் படும்படி வாசலிலேயே வைக்கலாம்.

– ஒரு தாய், மதுரை