நெல் விஞ்ஞானி ஐயாவுடன் சந்திப்பு

வணக்கம் நண்பர்களே.

பத்தாம் வகுப்பில் நம் பள்ளிக்கு வந்து, ஒரு நெல் பூவைப் பிரித்து அதன் ஆறு மகரந்தத்தாள்களையும் ஊசி முனையில் எடுத்துக் காட்டினாரே, அந்த ஐயா நம்மைச் சந்திக்கச் சம்மதித்துவிட்டார்! நம்மில் பலர் வேளாண்மை படிக்கப் போனதே அவரைப் பார்த்துத்தான்.

வரும் ஞாயிறு (14ஆம் தேதி) காலை 10 மணி, ஆடுதுறையில் அவர் வீடு.

1. 9.30க்கு ஆடுதுறை ரயில் நிலைய வாசலில் கூடுவோம்.
2. கேள்விகளை முன்பே இங்கே போடுங்கள். ஆடுதுறை 43 போன்ற, 110 நாளில் விளையும் குறுவை நெல் ரகங்கள் என்றால் விரும்பிப் பேசுவார்.
3. சால்வை, மாலை வேண்டாம் என்கிறார். ஆய்வேடு எழுதியவர்கள் அதைக் கொண்டு வாருங்கள். அதைத்தான் பார்க்கக் கேட்டார்.
4. படிக்கிற பிள்ளைகளை அவசியம் அழைத்து வாருங்கள்.

வருகிறவர்கள் வெள்ளி மாலைக்குள் பெயரும், எத்தனை பேர் என்பதும் தெரிவிக்கவும்.