சின்ன அம்மம்மாவைப் பாட வை

அன்பின் மகளுக்கு,

நீ அனுப்பிய காசு கிடைத்தது. சொன்னபடியே ஒரு பங்கை ஊர் வரலாற்று விழாவுக்குக் கொடுத்துவிட்டேன். ஆனால் உன்னிடமிருந்து எங்களுக்குக் காசைவிடப் பெரிய உதவி ஒன்று வேண்டும். அதைக் கேட்க முன் இங்கத்தைய புதினத்தைச் சொல்கிறேன்.

வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்குக்கு வெளியூரில் இருக்கிற சனமெல்லாம் வந்து சேரும் அல்லவா? அந்த நாட்களில் வாசிகசாலையில் ஒரு கண்காட்சி வைப்போம் என்று பொடியன்கள் தொடங்கினார்கள். முதல் கூட்டம் முழுக்கச் சண்டைதான். எந்தக் குடி முதலில் வந்தது, யாருக்கு முதல் மரியாதை, எந்த ராசா பட்டயம் கொடுத்தான் என்று ஆளுக்கொரு கதை. எனக்குப் பொறுக்கவில்லை. "ராசாக்களின் கதைக்கு மட்டக்களப்பு மான்மியம் என்ற பழைய வரலாற்று நூல் இருக்கிறது, 1962 இல் எப். எக்ஸ். சி. நடராசா அதைப் பதிப்பித்தும் விட்டார். நம்மட ஆற்றுத் துறையில் தோணி விட்ட மனிசனைப் பற்றி யார் எழுதுவார்?" என்று கேட்டேன். கொஞ்சம் சத்தம் அடங்கியது.

மண்முனைப் பாலம் 2014 இல்தான் திறந்தது. இப்போது பள்ளிக்குப் போகிற சின்னதுகளுக்கு, ஆற்றுக்கு மேற்குப் பக்கமான நம் படுவான்கரையிலிருந்து அக்கரைக்குத் தோணியில் கடந்து போன பாடு தெரியாது. காத்தான்குடியிலிருந்து புடவை கொண்டுவந்து நெல்லுக்கு மாறிய யாவாரி ஒருவரின் மகனைக் கூட்டிவந்தார்கள். நம் ஊரில் யார் கடன் வைத்தார்கள் என்பதெல்லாம் அந்த மனிசனுக்கு மனப்பாடம்! உன் பெரியப்பா பாதியில் எழும்பிப் போய்விட்டார்.

மறுகா, கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் வீட்டுப் பரணிலிருந்து கூத்துக் கொப்பி வந்தது. 1978 சூறாவளியில் நனைந்த கொப்பி. 1990 இல் ஊர் இடம்பெயர்ந்தபோதும் யாரோ உடுப்பு மூட்டைக்குள் வைத்துக் காப்பாற்றியிருக்கிறார்கள். தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. ஒரு பிள்ளை ஈர்க்கிலைச் சீவி, மூச்சையும் அடக்கிக்கொண்டு ஒவ்வொரு தாளாகப் பிரிக்க, மற்றவள் ஃபோனில் படம் எடுத்தாள். எடுத்து முடிந்ததும் கைதட்டினார்கள், வடமோடிக் கூத்து காப்பாற்றப்பட்டுவிட்டது என்று.

அண்ணாவியார் சிரித்தார். கொப்பியில் இருப்பது விருத்தமும் தரு என்கிற ஆட்டப் பாட்டும் வசனமும்தான். எந்த இடத்தில் மத்தளம் இறுக வேண்டும், தாளக்கட்டு எங்கே ஏறும், அரசன் வரவுக்குக் கால் எப்படி விழும் என்பதொன்றும் அதில் இல்லை. பாத்திரம் பிரித்து அவரவர் பாட்டைச் சட்டமாகக் கொடுத்த நாளிலிருந்து, சதங்கை கட்டி அரங்கேறும் வரைக்கும் மாதக்கணக்காகக் கூத்துக் களரியில் நின்று பழகுவது அது. தொடையில் தட்டி ஒரு தருவைப் பாடிக்காட்டினார். எழுத்தில் நாலு வரி, பாட்டில் எவ்வளவு நேரம்! அன்றிலிருந்து பிள்ளைகள் தாளை விட்டுவிட்டு ஆட்களைத் தேடித் திரிகிறார்கள். எனக்கு அதுதான் சரியாகப் படுகிறது. தாள் இன்னும் கொஞ்சக் காலம் கிடக்கும்.

இப்போது உன் வேலை. சித்திரை வருசத்துக்கு ஊஞ்சல் கட்டி ஆடும்போது சின்ன அம்மம்மாதான் முன்பாட்டு எடுப்பார். இங்கே மிஞ்சியிருக்கிற கிழவிகள் பின்பாட்டுக்காரர்கள். இரண்டு வரிக்கு மேல் போகாமல் தட்டுத்தடுமாறுகிறார்கள். சின்ன அம்மம்மா கனடாவில், ஸ்காபரோவில், உன் வீட்டிலிருந்து ஒரு பஸ் தூரத்தில் இருக்கிறார். போய்ப் பதிவு செய்து அனுப்பு.

"பாட்டுச் சொல்லுங்க அம்மம்மா" என்று நேரே கேட்டால் வெட்கப்பட்டு, தொண்டை சரியில்லை என்பார். ஊஞ்சல் எந்த மரத்தில் கட்டினீர்கள், கூட ஆடினது யார் என்று கேள். வாயைத் திறந்தால் பிறகு நிற்பாட்ட ஏலாது. பிள்ளைகளையும் கூட்டிப் போ, ஆனால் டிவியை நிற்பாட்டிவிடு. வரி மறந்தால் நீ எடுத்துக் கொடுக்காதே. அவராகவே பாட்டுக்குத் திரும்பி வரட்டும். இடையில் யாரையாவது ஏசினால் அதையும் வெட்டாமல் அனுப்பு, நான் கேட்டுவிட்டுத் தீர்மானிக்கிறேன்.

அம்மா உனக்கு ஒடியல் மாவும் கருவாடும் கட்டி வைத்திருக்கிறாள். வருகிற ஆள் யாரென்று சொல்.

அன்புடன்,
அப்பா