வீடியோ திக்கினால் இணையம்தான் காரணமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

யூடியூபில் பாடம் பார்க்கும் பிள்ளைகளுக்குப் படம் விட்டு விட்டு ஓடினால், பெற்றோர் உடனே வேகமான இணையத் திட்டத்துக்குப் பணம் கட்டுகிறார்கள். பல வீடுகளில் அது வீண் செலவு. 1080பி (முழு எச்டி தரம்) படத்துக்கு நொடிக்கு 5 மெகாபிட் போதும்.

வீடியோமேல் மவுஸின் வலப்பக்கப் பட்டனை அழுத்தி 'ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்' என்ற விவரப் பட்டியலைத் திறந்து பாருங்கள். 'பஃபர் ஹெல்த்' (முன்கூட்டியே இறங்கிச் சேர்ந்திருக்கும் வீடியோவின் நொடிக் கணக்கு) பூஜ்யத்தை ஒட்டி நின்றால் இணையக் கோளாறு. 20, 30 நொடி சேர்ந்திருந்தும் 'டிராப்டு' எண் (திரையில் காட்டாமல் விட்ட ஃப்ரேம்கள், அதாவது தனித்தனிப் படங்கள்) ஏறிக்கொண்டே போனால் திணறுவது மடிக்கணினி. அங்கே கோடெக் (வீடியோவைச் சுருக்கும் முறை) 'ஏவி01' என்றிருந்தால் காரணம் தெளிவு. இன்டெல் 11ஆம் தலைமுறைக்கு முந்தைய சிப்களில் அதை விரிக்கும் வன்பொருள் கிடையாது. சுமை முழுவதும் பிராசஸர் தலையில் விழும், விசிறி இரையும். தரத்தை 480பிக்கு இறக்குங்கள். நொடிக்கு 60 ஃப்ரேம் ஓடும் வீடியோவும் அதில் 30 ஆகிவிடுவதால் சுமை சட்டென்று குறையும்.

குரோம் செட்டிங்ஸில் 'சிஸ்டம்' பகுதியில் கிராபிக்ஸ் ஆக்சிலரேஷன் (வீடியோ வேலையை கிராபிக்ஸ் சிப்பிடம் ஒப்படைக்கும் வசதி) அணைந்திருந்தால் போட்டு, குரோமை மூடித் திறக்கவும். போட்டிருந்தும் திரை கறுத்து ஒலி மட்டும் வந்தால் அணைத்துப் பாருங்கள். சரியானால் பழுது பெரும்பாலும் கிராபிக்ஸ் சிப்பை இயக்கும் மென்பொருளான டிரைவரில்தான்.

புது மடிக்கணினி வாங்கச் சொல்லும் முன் கடைக்காரர்கள் இந்த ஒரு நிமிடச் சோதனையைச் செய்து காட்ட வேண்டும்.

- கணினி பழுதுநீக்குநர்கள்