1, 2-ஆம் வகுப்புப் பெற்றோர் கவனத்துக்கு: லீவும் வாசிப்பும்

வணக்கம். மாதம் 2 நாள் லீவு பெரிதாகத் தெரியாது. ஆனால் கல்வி உரிமைச் சட்டப்படி தொடக்க வகுப்புகளுக்கு ஆண்டுக்குக் குறைந்தது 200 வேலைநாள். 10 மாதத்தில் 20 நாள் போனால் பத்தில் ஒரு பங்கு காலி.

இப்போது வகுப்பில் கொம்புக் குறிகள் (ெ, ே) நடக்கின்றன. பிள்ளைகள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கும், அதன் ஒலியோ பின்னால் வரும். போதாததற்குத் துணைக்கால் வேறு 'ர' மாதிரியே இருக்கும். அதனால் 'கொடி'யைக் 'கெரடி' என்று படிப்பார்கள். கவனக்குறைவு என்று திட்டாதீர்கள். அந்தப் பாடத்தன்று பிள்ளை வகுப்பில் இல்லை, அவ்வளவுதான்.

லீவு எடுத்தால் நோட்டைப் பார்த்து எழுதவைப்பதில் பயனில்லை. தினம் 10 நிமிடம் போதும். கெ-கொ, கே-கோ என்று ஜோடியாக எழுதிக் காட்டி, விரல் வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். பிறகு செடி, கொடி, மேடு, கோடு. கடகடவென ஒப்பித்தால் நம்பவேண்டாம். சொற்களைக் கீழிருந்து மேலாகப் படிக்கச் சொன்னால் மனப்பாடமா வாசிப்பா என்பது தெரிந்துவிடும்.

காய்ச்சல் என்றால் கட்டாயம் வீட்டில் இருக்கட்டும். ஊர்த் திருவிழா, விசேஷம் என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள், அந்த வாரச் சொற்களைத் தந்துவிடுகிறோம்.

அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டப் பயிற்சி நூலில் விடுபட்ட பக்கங்களைத் தயவுசெய்து நீங்களே நிரப்பி அனுப்பாதீர்கள். காலியாக இருந்தால்தான் எங்கிருந்து தொடங்குவது என்று எங்களுக்குத் தெரியும்.