அம்மா பக்கத்தில் என்னை உட்கார வைத்தவருக்கு

அறுவை சிகிச்சை முடிந்து அம்மா நேற்று வீட்டுக்கு வந்துவிட்டார். சுவரைப் பிடித்துக்கொண்டு தானே நடக்கிறார். நடந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும், திரும்பச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. நன்றி சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

அறுவை சிகிச்சைக்கு முந்தின நாள் வந்த மொழிபெயர்ப்பாளர் அக்காவுக்குத்தான் முதல் நன்றி. புலம்பெயர்ந்த வீட்டின் மூத்த பெண்களுக்குத் தெரியும், வங்கியோ ஆஸ்பத்திரியோ, சின்ன வயதிலிருந்தே அம்மாவுக்காகப் பேசுவது நாம்தான். அன்றும் மருத்துவர் வந்ததும் பழக்கத்தில் எழுந்து நின்றேன். அக்கா என் தோளைத் தொட்டு, "நீங்க அம்மா பக்கத்துல உட்காருங்க. பேச்சை நான் பார்த்துக்கிறேன்" என்றார்.

உட்கார்ந்தேன். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். மயக்க மருந்து, ரத்தக்கசிவு, உயிருக்கு உள்ள ஆபத்து என்று மருத்துவர் சொன்ன எதையும் அக்கா குறைக்கவில்லை, கூட்டவும் இல்லை. பெற்ற தாயிடம் அதையெல்லாம் எந்த மகளால் முழுசாகச் சொல்ல முடியும்? பாதியை விழுங்கிவிடுவோம். நோயாளியின் பிள்ளைகளை மொழிபெயர்க்க வைக்கக்கூடாது என்று சொல்வது இதனால்தான். அம்மா எல்லாவற்றையும் கேட்டார். அப்புறம் தன் ரத்த அழுத்த மாத்திரையை எப்போது நிறுத்த வேண்டும், எத்தனை மில்லிகிராமில் திரும்பத் தொடங்க வேண்டும் என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். மருத்துவர் போனதும் அக்கா, "ஊர்ல என்ன வேலை பார்த்தீங்கம்மா?" என்றார். "கெமிஸ்ட்ரி டீச்சர்" என்று சொல்லும்போது அம்மா தலையணையை விட்டு நிமிர்ந்துவிட்டார். இந்த நாட்டில் அவரிடம் யாரும் அதைக் கேட்டதே இல்லை.

சான்றிதழ் இங்கே செல்லாது என்று ஆனபின் அலுவலகங்களைத் துடைக்கப் போனவர் அவர். இரவு வேலை முடித்து வந்தும் எனக்குப் பாடம் சொல்லித் தருவார், நடுவில் விஞ்ஞானி மேரி கியூரி வந்துவிடுவார். 1891-இல் போலந்திலிருந்து பாரிஸுக்குப் போய்க் குளிரில் நடுங்கிக்கொண்டு படித்தவர், முதல் உலகப் போரில் காயம்பட்டவர்களுக்கு எக்ஸ்ரே எடுக்கும் வண்டி வேலைக்கு மகள் ஐரீனையும் பழக்கியவர். 1935-இல் ஐரீனுக்கும் நோபல் கிடைத்தது என்று முடித்துவிட்டு அம்மா என்னை ஒரு பார்வை பார்ப்பார். மேரி 1934-இலேயே இறந்துவிட்டார் என்பதை நான் பிறகுதான் படித்தேன். எனக்குப் பட்டம் அடுத்த வருடம். அறுவை சிகிச்சை அறை வாசலில் அந்தக் கணக்குத்தான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

இரவெல்லாம் விழித்திருந்த செவிலியர்கள், ரத்தம் கொடுத்தவர்கள், அம்மாவின் வேலை பறிபோகாமல் அவருடைய முறைகளைப் பகிர்ந்து செய்த தோழிகள், தம்பியைப் பள்ளிக்குக் கூட்டிப்போன பக்கத்து வீட்டார், பாதி ராத்திரியில் போனை எடுத்த அத்தனை பேருக்கும் நன்றி. அம்மாவும் கைகூப்பச் சொன்னார்.

அக்கா, மருத்துவமனை மொழிபெயர்ப்பாளர் பயிற்சிக்கு நானும் பெயர் கொடுத்துவிட்டேன். படிப்பு ஒரு பக்கம் நடக்கட்டும், வார இறுதி நாட்களை இதற்கென்று ஒதுக்கிவிட்டேன். பாடத்தில் வரும் மருந்துப் பெயர்களை அம்மாவே சொல்லித் தருகிறாராம்.