திருச்சபை வரலாற்று வாசிப்பு வட்டம்: செயலரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் கிறிஸ்துவின் நாமத்தில் வாழ்த்துகள்.

சென்ற பொதுக்குழுவின் தீர்மானப்படி இவ்வாண்டு ஒரே பொருளை எடுத்துக்கொண்டோம்: ஆங்கிலிக்கன் உலகின் (இங்கிலாந்துத் திருச்சபையின் வழிவந்த சபைகளின்) முதல் பெண் பேராயர் பார்பரா ஹாரிஸ் அம்மையாரின் வாழ்வும் பணியும். காட்சிப் பலகைகளும் சிறு கையேடும் முடிந்துவிட்டன. வரலாற்றைத் திரட்டியதைவிடச் சொற்களைத் தீர்மானிக்கத்தான் அதிக நாள் பிடித்தது.

தென்னிந்தியத் திருச்சபையில் பிஷப்பைப் 'பேராயர்' என்கிறோம். கத்தோலிக்கர் வழக்கில் பிஷப் 'ஆயர்'. அங்கே 'பேராயர்' என்றால் ஆர்ச்பிஷப். பழைய நூல்களில் 'அத்தியட்சர்'. கையேடு இரு சபையார் கைக்கும் போகும் என்பதால், 'பேராயர் என்றால் பிஷப்' என்று முதல் பக்கத்திலேயே போட்டாயிற்று. அடுத்த சிக்கல் அவர் வகித்த 'சஃப்ரகன்' பதவி. பட்டத்தில் அவர் முழுப் பேராயர்தான். கைவைத்துக் குருப்பட்டம் கொடுக்கலாம், ஞானஸ்நானம் பெற்றவர்களைத் திடப்படுத்தலாம். திருமண்டலத் (கத்தோலிக்கர் வழக்கில் மறைமாவட்டம்) தலைமை மட்டும் வேறொருவர் கையில் இருக்கும். தலைவர் ஓய்வுபெற்றாலும் அந்த நாற்காலி சஃப்ரகனுக்குத் தானாக வராது. தானாக வருவது 'கோஅட்ஜுட்டர்' பதவியில் இருப்பவருக்கு. சஃப்ரகனுக்குத் 'துணைப் பேராயர்' என்று வைத்தோம். 'உதவிப் பேராயர்' என்று எழுதலாமே என்று கேட்டவர்களுக்குப் பதில்: ஓய்வுக்குப் பின் வாஷிங்டன் திருமண்டலத்தில் 2007 வரை அவர் செய்த பணிக்கு அந்தச் சொல் வேண்டியிருக்கிறது.

வாழ்க்கைப் பலகை சுருக்கமானது. 1930 ஜூன் 12 அன்று பிலடெல்ஃபியாவில் பிறந்த கறுப்பினப் பெண்மணி. மக்கள் தொடர்புத் துறையில் வேலை. 1968 முதல் சன் எண்ணெய் நிறுவனத்தில். 1974 ஜூலை 29 அன்று, சபைச் சட்டம் இடங்கொடுக்காத நிலையிலும் 11 பெண்களுக்குப் பிலடெல்ஃபியாவில் குருப்பட்டம் கொடுத்தார்கள். அந்தப் பவனியின் முன்னால் சிலுவை ஏந்தி நடந்தவர் இவர். அப்போது அவர் சாதாரணச் சபை உறுப்பினர்தான். '11 பெண்களில் ஒருவர்' என்று எழுதுவது அடிக்கடி நடக்கும் பிழை; நம் முதல் படியிலும் நுழைந்திருந்தது, நீக்கியாயிற்று. 1976இல் ஆங்கிலிக்கன் உலகின் அமெரிக்கக் கிளையான எபிஸ்கோப்பல் திருச்சபையின் பொதுப் பேரவை பெண் குருத்துவத்தை ஏற்றது. 1979இல் அவர் டீக்கன் (குருவுக்கு முந்தைய நிலை), 1980இல் ஐம்பதாவது வயதில் குரு. சிறைகளில் ஆன்மிகப் பணி செய்தார். 1984இல் திருச்சபைப் பதிப்பு நிறுவனம் ஒன்றின் பொறுப்பை ஏற்றார்.

தேர்தலுக்கு ஒரு முழுப் பலகை ஒதுக்கியது சரியான முடிவு. இங்கிலாந்தில் அரசரின் பெயரால் நியமனம்; அமெரிக்காவில் திருமண்டலமே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறது. குருமார் ஒரு தொகுதி, சபையார் பிரதிநிதிகள் ஒரு தொகுதி. ஒரே சுற்றில் இரு தொகுதியிலும் பெரும்பான்மை கிடைக்க வேண்டும். ஒன்றில் கிடைத்து மற்றதில் தவறினால் மறு சுற்று. 1988 செப்டம்பர் 24 அன்று மாசசூசெட்ஸில் எட்டாவது சுற்றில்தான் ஹாரிஸ் துணைப் பேராயராகத் தேறினார். அதோடு முடியவில்லை. நாடு முழுவதிலும் உள்ள திருமண்டல நிலைக்குழுக்களில் பெரும்பான்மையும், ஆட்சிப் பொறுப்புள்ள பேராயர்களில் பெரும்பான்மையும் தனித்தனியாக இசைவு தர வேண்டும். எதிர்ப்பு உரத்து எழுந்தது இந்த மாதங்களில்தான். மணவிலக்குப் பெற்றவர், கல்லூரிப் பட்டமில்லாதவர், வழக்கமான இறையியல் கல்லூரிப் படிப்பில்லாதவர், எழுத்தில் காரம் மிகுந்தவர் என்றெல்லாம் சொன்னார்கள். பெண் என்பதைச் சொல்லத் தயங்கியவர்களுக்கு இந்தப் பட்டியல் வசதியாக இருந்தது என்பது என் கருத்து.

பேராயர் பட்டம் தரும் அபிஷேகம் 1989 பிப்ரவரி 11 அன்று பாஸ்டனில், ஹைன்ஸ் மாநாட்டு அரங்கில் நடந்தது. சுமார் 8,000 பேர் கூடினார்கள். கொலை மிரட்டல் இருந்ததால் காவல்துறை குண்டு துளைக்காத உடை தர முன்வந்தது, அவர் மறுத்துவிட்டார். வழிபாட்டு முறையில், தேர்தல் சான்றுகளை வாசித்தபின், 'மேற்கொண்டு நடத்தக் கூடாததற்குக் காரணம் அறிந்தவர் சொல்லுங்கள்' என்று நாட்டுச் சபையின் தலைமைப் பேராயர் கேட்பது வழக்கம். பெரும்பாலும் யாரும் வாய்திறக்காத இடம் அது. அன்று இருவர் எழுந்து ஆட்சேபம் வாசித்தார்கள். தலைமை தாங்கிய எட்மண்ட் பிரௌனிங் அதைக் கேட்டுவிட்டு வழிபாட்டைத் தொடர்ந்தார். பிறகு கேள்விகள், தூய ஆவிப் பாடல், பேராயர்கள் கைவைத்தல், வேதாகமம் வழங்கல், நற்கருணை. 'கைவைத்தலுக்கு எத்தனை பேர் வேண்டும்?' என்பது பலகையைப் பார்த்தவர்களின் பொதுவான கேள்வி. கி.பி. 325இல் கூடிய நிசேயா திருச்சபைச் சங்கக் காலம் முதல் குறைந்தது மூன்று பேராயர்கள். அன்று அறுபதுக்கும் மேல் வந்திருந்தார்கள். 1944இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் பெண் குருவான புளோரன்ஸ் லீ திம்-ஓயும் அந்த வழிபாட்டில் பங்கேற்றார்.

'முதல்' என்ற சொல்லைத் தனியே விடாதீர்கள் என்று குறிப்பெழுதுவோருக்கு வேண்டுகோள். முதல் பெண் பேராயர் ஹாரிஸ். ஒரு திருமண்டலத்தின் தலைமையை ஏற்ற முதல் பெண், நியூசிலாந்தின் டனீடினில் 1990இல் பென்னி ஜேமிசன். ஒரு நாட்டுச் சபையின் தலைமைக்கு வந்த முதல் பெண், 2006இல் கேத்தரின் ஜெஃபர்ட்ஸ் ஷோரி. இங்கிலாந்தின் முதல் பெண் பேராயர், 2015இல் லிபி லேன். தென்னிந்தியத் திருச்சபையில் 2013இல் நந்தியால் பேராயர் புஷ்பலலிதா. ஐந்தும் சரி, அடைமொழி விடுபட்டால் ஒன்றையொன்று பொய்யாக்கும்.

படங்களைத் தேர்ந்தவர்கள் பட்ட பாட்டையும் பதிவுசெய்ய வேண்டும். 72 வயது ஓய்வு விதிப்படி 2002இல் பார்பரா ஹாரிஸ் விலகினார். 2003இல் அதே மாசசூசெட்ஸில் துணைப் பேராயராக அபிஷேகம் பெற்றவர் கெயில் ஹாரிஸ். அவரும் கறுப்பினப் பெண்மணி, உறவினர் அல்ல. 'பேராயர் ஹாரிஸ், மாசசூசெட்ஸ்' என்று மட்டும் குறிப்புள்ள படங்களை ஆண்டு தெரியாமல் ஏற்கவில்லை. அதனால் கடைசிப் பலகையில் இரண்டு இடங்கள் காலியாக உள்ளன. பார்பரா ஹாரிஸ் மறைந்த நாளை 2020 மார்ச் 13 எனக் கையேட்டின் இறுதிப் பக்கத்தில் சேர்த்திருக்கிறோம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

செயலர்