கொங்கு மண்ணுக்கு ஏற்ற கிழங்குப் பூக்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

டியூலிப் கிழங்குகளை விலை கொடுத்து வாங்கி, தொட்டியில் நட்டு ஏமாறுவோரை எங்கள் பகுதியில் காண்கிறேன். அக்கிழங்கினுள் மொட்டு முன்பே உருவாகியிருந்தாலும், தண்டு நீண்டு பூ வெளிவர ஏறத்தாழ 12 முதல் 16 வாரங்கள் 9 டிகிரி செல்சியஸுக்குக் குறைவான குளிர் தொடர்ந்து வேண்டும். ஸ்ரீநகரில் உள்ள டியூலிப் தோட்டம் மார்ச் இறுதியில் பூத்துக் குலுங்குவது அங்குள்ள பனிக்காலத்தால்தான். கோவையின் மார்கழி இரவுகூட அந்த அளவுக்குக் குளிர்வதில்லை. குளிரூட்டி அனுப்பப்படும் கிழங்கு ஒருமுறை பூத்தாலும் மறு ஆண்டுக்குத் தேறுவது அரிது.

நம் வெயிலுக்கு, அமரில்லிஸ் என்று விற்கப்படும் ஹிப்பியாஸ்ட்ரமே மிகப் பொருத்தமானது என்பது என் உறுதியான கருத்து. தென் அமெரிக்க வெப்பமண்டலத்தைச் சேர்ந்த இதற்குக் கடுங்குளிர் தேவையில்லை, ஓய்வு போதும். மார்கழியிலும் தையிலும் தண்ணீரை நிறுத்தி, மாசியில் மீண்டும் ஊற்றத் தொடங்கினால், இலைக்கு முன்பாகவே கிழங்கின் கழுத்தோரத்தில் கிளிமூக்குப் போன்ற மொட்டு எட்டிப் பார்க்கும். பங்குனி வாக்கில் கையகலப் பூக்கள் விரியும். நடும்போது கிழங்கில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது அதன் மேற்பகுதி, மண்ணுக்கு வெளியே தெரிய வேண்டும். செம்மண்ணில் தொல்லையில்லை. கரிசல் மண் நீரைப் பிடித்து வைத்துக் கிழங்கை அழுகச் செய்யும் என்பதால், மணலும் மக்கிய தொழுவுரமும் தாராளமாகக் கலக்க வேண்டும். மழை பெய்த சில நாள்களில் பூக்கும் மழை லில்லியையும் வரப்போரம் நடலாம்.

கிழங்கு விற்கும் நாற்றுப்பண்ணைகள், அது எத்தட்பவெப்பத்துக்கு உரியது என்பதைப் பொட்டலத்தின் மேல் தமிழில் அச்சிட வேண்டும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் வீட்டுத் தோட்டக்காரர்களுக்கு இது குறித்து வழிகாட்ட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
பொள்ளாச்சி.